அனுமனும் அரையணாவும்

மும்பை செம்பூரில் நம்மவர் வீட்டுப் பூஜை அலமாரி சிலவற்றில் ஒரு செம்புக் காசு மஞ்சள் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் அனுமனோடு ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரையணா, 1616’. “தாத்தா காலத்துச் சொத்து சார், கோடிக்குப் போகும்” என்பார் வீட்டுக்காரர்.

1616-ல் பம்பாய் போர்ச்சுக்கீசியர் கையில் இருந்தது. அப்புறம் சீதனமாக இங்கிலாந்து ராஜாவுக்குப் போய், அவர் 1668-ல் வருஷம் 10 பவுண்டு வாடகைக்குக் கம்பெனியிடம் தள்ளிவிட்டார். ஊர் கைக்கு வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே துரைமார் அனுமனுக்குக் காசு அடித்துவிட்டார்களாம்! கம்பெனி நிஜமாக அடித்த 1835-ஆம் வருஷ அரையணாவில் சாமி படமே கிடையாது.

விளிம்பைத் தடவிப் பார்த்தால் வார்ப்புத் தையல் விரலில் தட்டுப்படும். அச்சில் அடித்த காசுக்கு அது வராது. காந்தம் வைத்து ஒட்டினால், செம்பே இல்லை. ஆனால் அரிசியை இழுக்கும் அபூர்வக் காசு என்று ஏமாற்றும் ‘ரைஸ் புல்லிங்’ கோஷ்டிக்கு ஒட்டுவதுதான் பெருமை. இரும்புத்தூள் பூசிய அரிசி காசை நோக்கி ஓடுகிறது, விலையும் கோடிக்கு ஓடுகிறது. 2018-ல் டெல்லியில் பிடிபட்ட அப்பாவும் மகனும் கதிர்வீச்சுக் கவச உடை மாட்டிக்கொண்டு, நாசாவுக்கு விற்கப்போவதாக வியாபாரம் பேசியவர்கள்.

பழைய காசு விற்பனையில் தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2021-ல் அறிக்கையே விட்டது. கோஷ்டி அசரவில்லை. ‘டெஸ்டிங் சார்ஜ்’ மட்டும் முன்பணம். அதற்குக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே காந்தி தெரிகிறாரா என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.