பர்கர்த் திணையியல்: ஒரு களஆய்வு

பர்கரை மதிப்பிடுவது எளிது, கடித்தால் தெரிந்துவிடும் என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? கடிக்க வாய் திறக்கும் முன்பே, சுவரில் தொங்குபவை பாதித் தீர்ப்பை எழுதிவிடுகின்றன.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிகள் உண்டு, கடல் கிடையாது. அங்கே ஒரு சிற்றூரில் கடற்கொள்ளையர் கப்பலைப் போலக் கட்டிய மதுவிடுதியே நமது ஆய்வுக்களம். முதற்பொருள்: கார் நிறுத்துமிடமும் வெள்ளிக்கிழமை இரவும். கருப்பொருள்: சுக்கான், மீன்வலை, பிளாஸ்டிக் கிளி, ஒரு கண்ணை மறைத்துக் கட்டிய எலும்புக்கூடு. உரிப்பொருள் பர்கர். இதைத் திணைமயக்கம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் எலும்புக்கூட்டின் தலையில் அம்மாநிலத்து அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸின் தொப்பி இருந்தது. அதற்குத் தொல்காப்பியத்தில் இடமில்லை.

சுவரை நம்பிக் கடை நடத்தும் மரபுக்கு லண்டன் ஹார்ட் ராக் கஃபேயைச் சான்று காட்டலாம். 1971இல் இரண்டு அமெரிக்க இளைஞர்கள் அதைத் திறந்தார்கள். பின்னாளில் ராக் இசைக்கலைஞர் எரிக் கிளாப்டனின் கிதார் அங்கே சுவரேறியது. உடனே இன்னொரு ராக் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட், தன்னுடையது எதில் குறைச்சல் என்று தன் கிதாரையும் அனுப்பிவைத்தார். சுவருக்கு நடந்த இந்தப் போட்டி தட்டுக்கு நடந்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இருந்திராது.

இனி அளவுகோல். விஸ்கான்சினின் சீமோர் ஊர்க்காரர்கள் சொல்வது இது: 1885இல் அவ்வூர்ச் சந்தையில் சார்லி நாக்ரீன் என்ற 15 வயதுப் பையன் இறைச்சி உருண்டை விற்றான். கையில் வைத்துத் தின்றபடி சந்தையைச் சுற்ற முடியாததால் அவ்வளவாக விற்கவில்லை. அவன் உருண்டையை நசுக்கி ரொட்டிக்கு நடுவே வைத்தான். டெக்சஸின் ஏதென்ஸும் கனெக்டிகட்டின் நியூ ஹேவனும் பர்கரைக் கண்டுபிடித்த பெருமையைத் தமதென்கின்றன. வழக்கு நடக்கட்டும். விஸ்கான்சினில் சாப்பிட உட்கார்ந்தவர் சீமோர் பக்கம் சாய்வதே மரியாதை. ஆகவே விதி: நடந்துகொண்டே தின்ன முடியாதது பர்கர் ஆகாது.

நம் முன் வந்ததோ இரண்டு இறைச்சி வட்டு, பன்றி இறைச்சிக் கீற்று, வெங்காய வளையம், அன்னாசி வில்லை என அடுக்கிய கோபுரம். சரியாமல் இருக்க நடுவே ஒரு கத்தி செருகியிருந்தது. இதோடு நடப்பவரைப் போலீஸ் நிறுத்தும்.

இறைச்சி வெந்த பதத்தை நிறத்தால் அறியலாம் என்போரும் உண்டு. ஆனால் அரைத்த மாட்டிறைச்சியின் உள்சூடு 71 டிகிரி செல்சியஸைத் தொடவேண்டும் என்கிறது அமெரிக்க அரசு. பரிமாற வந்த பெண்மணியோ உள்ளே எவ்வளவு சிவப்பு இருக்கலாம் என்று கனிவாகக் கேட்டார். தலைக்குமேல் சிவப்புக் கண்ணாடி லாந்தர் எரிந்தது. அதன் கீழே மயோனைஸே சிவப்பு. இச்சோதனை கைவிடப்பட்டது.

எஞ்சிய சோதனை பர்கரின் அடிப்பன். மேற்பன் எள்ளைத் தூவிக்கொண்டு படத்துக்கு முகம் காட்டும். கொழுப்பும் சாறும் இறங்குவதெல்லாம் கீழேதான். வெட்டிய பக்கத்தை வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டியிருந்தால் அது கடைசிக் கடிவரை தாங்கும். பால்வளம் மிக்க விஸ்கான்சினில் வெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. இருந்தும் இங்கே பாதி தின்பதற்குள் அடிப்பன் கூழாகி, மேற்பன்னால் வழித்துத் தின்ன நேர்ந்தது. ஆகவே தேறவில்லை.

உருளைக்கிழங்கு வறுவல் மொறுமொறுவென்று இருந்ததே எனின், அது புறத்திணை என்க.