எதிரி நேயர் விருப்பம்

அடுத்த நாட்டுக்காரன் காதில் நம் பெருமையை ஓதவேண்டும் என்ற அரிப்பு அரசாங்கங்களுக்கு வானொலி பிறந்த சூட்டோடு வந்துவிட்டது. மாஸ்கோ 1929-லேயே ஜெர்மன் மொழியில் ஆரம்பித்தது. பெர்லினும் லண்டனும் பின்னாலேயே ஓடிவந்தன. ஓதுவதெல்லாம் சரி, எவனாவது கேட்கிறானா?

அரசு வானொலி இல்லை என்று பி.பி.சி. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யும். போர்க்காலத்தில் தகவல் அமைச்சகம் அதன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது வேறு கதை. இந்தியர்களின் மனத்தைக் கரைக்க பி.பி.சி. 1941-இல் ஜார்ஜ் ஆர்வெல்லை வேலைக்கு எடுத்தது. பிறந்தது பீகாரின் மோதிஹாரி, உத்தியோகம் பார்த்தது பர்மா போலீஸ். இதைவிட என்ன தகுதி வேண்டும்? 1942 ஆகஸ்டில் காந்தியையும் நேருவையும் பிடித்து உள்ளே போட்டார்கள். அதே ஆகஸ்டில் அதே இந்தியாவுக்கு ஆர்வெல் சிற்றலையில் ஒரு கவிதை இதழைத் தொடங்கினார். டி.எஸ். எலியட்கூட வந்து வாசித்துவிட்டுப் போனார். ஊரே 'வெளியேறு' என்று கத்திக்கொண்டிருக்க, இவர்கள் நவீன கவிதையை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பலனை அளந்துவர லாரன்ஸ் பிராண்டர் என்பவரை இந்தியாவுக்கு அனுப்பியது பி.பி.சி. அவர் கொண்டுவந்த செய்தி: கேட்க ஆளில்லை. ஆர்வெல் 1943-இல் ராஜினாமா எழுதினார். தன் நேரமும் பொதுப்பணமும் வீண் என்று காரணத்தையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார். அரசுப் பணத்தில் ஒலிபரப்பியவர்களில் இப்படிக் கணக்கு ஒப்படைத்த வேறொருவரை எனக்குத் தெரியாது.

மற்ற நிலையங்கள் உஷார். கேட்டவர்களை எண்ணுவானேன், வந்த கடிதங்களை எண்ணினால் போதாதா? மாஸ்கோவுக்கும் பீக்கிங்குக்கும் தமிழ்ச் சேவைகள் இருந்தன. நம்மூர் நேயர் மன்றத்தார் இன்லண்டு லெட்டரைத் தாண்டி ஏரோகிராமுக்கு முன்னேறியது அவற்றின் புண்ணியத்தில்தான். காலண்டர் கேட்டு எழுதியவரும் உலகப் புரட்சிக் கணக்கில் ஒரு தலை.

உண்மையில் ஒரு வரி விடாமல் கேட்டவர்கள் எதிரியிடம் சம்பளம் வாங்கியவர்கள். இங்கிலாந்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜெர்மன் வானொலியைக் கேட்பதே பிழைப்பாக பி.பி.சி.யின் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அதில் ஒருவர் கலை வரலாற்றாளர் கோம்ப்ரிக். 1945 மே 1 அன்று ஜெர்மன் வானொலி முக்கிய அறிவிப்பு வருமென்று சொல்லிவிட்டு புரூக்னரின் ஏழாவது சிம்பொனியைப் போட்டது. இது சாவு மேளம், ஹிட்லர் காலி என்று அறிவிப்புக்கு முன்பே ஊகித்துவிட்டார் மனிதர். இப்படி ஒரு ரசிகர் கோயபல்ஸுக்கு உள்ளூரில் கிடைத்திருப்பாரா?

மாஸ்கோவின் கதை இதைவிட விசேஷம். 1983 மே மாதம் விளாதிமிர் தான்செவ் என்ற ஆங்கில அறிவிப்பாளர், ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் படையை ஆக்கிரமிப்பாளர்கள் என்று செய்தியில் வாசித்தார். எதிர்த்துப் போராடிய ஆப்கானியரைப் பாராட்டவும் செய்தார். வாய் தவறியதோ? இல்லை, நாள்கணக்கில் வாசித்தார். எழுதிக் கொடுத்தவர், தணிக்கை செய்தவர், மேலதிகாரி என்று படிக்குப் படி ஆள் இருந்த கட்டடம் அது. சொந்த வானொலியைத் திருப்பிக் கேட்கத்தான் ஆளில்லை. கடைசியில் பி.பி.சி.யின் ஒட்டுக்கேட்பாளர்கள் கேட்டு உலகத்துக்குச் சொன்னார்கள். அது சுற்றிக்கொண்டு மாஸ்கோவுக்கும் போய்ச் சேர்ந்தது.

தான்செவைத் தாஷ்கந்தில் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். டிசம்பரில் வேலைக்குத் திரும்ப விட்டார்கள். அவரைக் கேட்காமல் இருந்த அதிகாரிகளின் காதை எந்த டாக்டரும் பரிசோதித்ததாகச் செய்தி இல்லை.