புதுக்கோழி புகு படலம்: ஒரு கொத்தாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கொல்லைப்புறத்தில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் கோழிகளிடையே சந்தையில் வாங்கிய கோழிகளை விடும்போது நிகழும் கொத்து, துரத்தல், இறகு பறத்தல் ஆகியவற்றை இவ்வாய்வு ஆராய்கிறது. கொத்து என்பது பகையன்று, விசாரணை; அதை நடுவில் புகுந்து நிறுத்தும் மனிதரே கலவரத்தை நீட்டிக்கிறார் என்பது இதன் கருதுகோள். ஆய்வாளரின் அப்பாயி இதையே இரண்டு வரியில் சொல்லிவிட்டார். இரண்டு வரிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டம் தருவதில்லை என்பதால் இவ்விரிவு தேவையாயிற்று.

1. ஆய்வின் தேவை

கோழியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி, அது இறந்த பிறகு நடப்பவற்றைப் பற்றியது. மிளகு தூக்கலாக இருக்கவேண்டுமா, தேங்காய் அரைத்து விடலாமா என்பன போன்ற வினாக்களில் அறிஞர் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டுள்ளனர். ஆனால் உயிரோடிருக்கும் ஒரு கோழி, புதிதாக வந்து நிற்கும் இன்னொரு கோழியைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது குறித்து ஆய்வு இடைவெளி நிலவுகிறது. அவ்விடைவெளியில் இவ்வாய்வாளர் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்தார்.

2. முன்னோர் ஆய்வுகள்

தமிழ் ஆய்வேடு எதுவும் பழைய இலக்கியத்தைத் தொடாமல் நெறியாளரின் கையெழுத்தைப் பெற்றதில்லை. நல்வேளையாக, சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. யானையொன்றை அவ்விடத்துக் கோழி எதிர்த்துப் பொருது வென்றதாம். அந்நிலத்தின் வலிமையை வியந்து சோழன் அங்கேயே நகரமைத்தானாம். சிலப்பதிகாரமும் இக்கதையைச் சுட்டுகிறது.

உரையாசிரியர்கள் இதை வீரத்துக்குச் சான்றாகக் கொள்வர். இவ்வாய்வாளர் பணிவுடன் வேறுபடுகிறார். ஏற்கெனவே கோழி குடியிருக்கும் இடத்துக்குள் ஒரு புதுவரவை ஒற்றையாக, முன்னறிமுகம் ஏதுமின்றி, பட்டப்பகலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கோழியியல் இன்று கண்டிக்கும் மூன்று பிழைகளும் அங்கே ஒருங்கே நிகழ்ந்துள்ளன. இத்தனைக்குப் பிறகு வந்தது யானையா, விடைக்கோழியா என்பது உள்ளூர்க் கோழிக்கு ஒரு பொருட்டே அல்ல.

மேனாட்டு ஆய்வுகளுள் முதன்மையானது நார்வே நாட்டுத் தோர்லைஃப் ஷெல்டெருப்-எபே (1894–1976) செய்தது. மற்றச் சிறுவர்கள் பந்து விளையாடும் வயதிலேயே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கியவர் இவர். 1922இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கட்டுரையில், ஒரு கூட்டத்தில் எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்தலாம் என்பதற்கு நிலையான ஒழுங்கு உண்டு என்று நிறுவினார். இன்று அலுவலகங்கள்வரை பயன்படும் ‘கொத்து வரிசை’ என்ற கருத்து அங்கிருந்து வந்ததே. வரிசை எப்போதும் நேர்கோடு அல்ல என்பதையும் அவர் கண்டார். முதலாவது இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், மூன்றாவது திரும்பிவந்து முதலாவதையே கொத்தும். இத்தகைய முக்கோணங்களைக் கண்டு கோழியியலார் வியக்கலாம். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தோர் வியக்கமாட்டார்கள். இவ்வளவு கண்டறிந்தவருக்குச் சொந்த நாட்டில் பல்கலைக்கழக வாழ்வு அமையவில்லை என்பது துறையின் துயர வரலாறு. வரிசையைக் கண்டவருக்கு வரிசையில் இடமில்லை.

பின்வந்தவர்களுள் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பணியாற்றிய ஏ. எம். கூல் குறிப்பிடத்தக்கவர். கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில் கொண்டைக்கும் தலைக்கும் பெரும்பங்கு உண்டு என்பது இவர்களின் ஆய்வுகளால் தெளிவாயிற்று.

3. ஆய்வுக்களமும் தகவலாளிகளும்

களம், திருச்சிக்கு வெளியே உள்ள ஒரு வீட்டின் கொல்லை. நான்கெல்லை வருமாறு: கிழக்கே முருங்கை, மேற்கே துவைகல், வடக்கே குப்பைமேடு, தெற்கே பக்கத்து வீட்டாரின் முறைப்பு. தகவலாளிகள் ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும். பெட்டைகளில் தலைமைப் பொறுப்பு செவலையிடம் இருந்தது. அடுத்த நிலையில் கருப்பி. கடைசி இடம், கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழிக்கு. புதுவரவுகள் இரண்டும் இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிகள்.

ஆய்வு அறத்தின்படி தகவலாளிகளிடம் ஒப்புதல் கோரப்பட்டது. செவலை ஒப்புதல் படிவத்தின் மேல் ஏறி நின்று எச்சமிட்டது. அது கைநாட்டாக ஏற்கப்பட்டது.

4. கணக்கியல் அடிப்படை

கொத்து வரிசை என்பது ஒரே நாளில் அறிவிக்கப்படும் தரப்பட்டியல் அன்று. ஒவ்வொரு கோழியும் மற்ற ஒவ்வொரு கோழியுடனும் தனித்தனியே தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. ஆறு கோழிகளிடையே 15 இணைகள் உண்டு. எட்டு என்றால் 28. ஆக, கூடுதலாக வருபவை 13. அவற்றுள் ஒன்று, அதாவது புதுவரவுகள் இரண்டுக்கும் இடையிலானது, சந்தைக் கூடைக்குள்ளேயே பைசலாகியிருக்கும். மிச்சம் 12. இரண்டு கோழி வாங்கிவந்தோம் என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். உண்மையில் வாங்கிவந்தது பன்னிரண்டு வழக்குகள். கோழிகள் இலவச இணைப்பு.

ஒற்றைக் கோழியை விட்டால் வழக்கு ஆறுதானே, அது சிக்கனமல்லவா என்று கேட்கலாம். அல்ல. ஆறு வழக்கும் ஒரே தலையில் இறங்கும், ஆறு பேரும் ஒரே குற்றவாளியைத் தேடுவர். இரண்டாக விட்டால் ஒன்றைத் துரத்தும் நேரத்தில் மற்றது நான்கு நொய்யாவது பொறுக்கிக்கொள்ளும். அளவில் மிகச் சிறிய குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடக்கூடாது என்பதும் இதனால் பெறப்படும். வழக்காடும் வயது வரவேண்டும்.

5. ஆய்வு முறை

5.1 தனிமைப்படுத்தல். புதுக்கோழியை இரண்டு முதல் நான்கு வாரம் வேறிடத்தில், வேறு தட்டில், வேறு தண்ணீரில் வைக்கவேண்டும். இப்பகுதியில் நகைச்சுவைக்கு இடமில்லை. சந்தைக் கோழி கோழிப்பேனைக் கொண்டுவரலாம், சளியைக் கொண்டுவரலாம், எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளைக்கழிச்சலைக் கொண்டுவரலாம். அது புகுந்தால் கொத்து வரிசையில் முதலிடம், கடைசியிடம் என்ற பேதம் பார்க்காது, கொல்லையே காலியாகும். உலகத்தார் நியூகாசில் நோய் என்னும் இக்கழிச்சலை, குமாவோன் மலையூரான ராணிக்கேத்தின் பெயரால் இந்தியாவில் ராணிக்கேத் நோய் என்கிறோம். அதற்குத் தடுப்பு மருந்து தயாரிக்கும் அரசு நிலையம் இருப்பதோ ராணிப்பேட்டையில். நோய்க்கு ஒரு ராணி, மருந்துக்கு ஒரு ராணி. இடையில் அகப்பட்ட குடிமகளுக்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுவிடுவதே அறிவுடைமை.

5.2 பஞ்சாரப் பருவம். அடுத்து, பார்க்கலாம், தொடமுடியாது என்ற நிலை. மேனாட்டார் இதற்குக் கம்பிவலைத் தடுப்பு கட்டுகின்றனர். அப்பாயி பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். மூங்கில் பிளாச்சுகளின் இடைவெளி வழியே இருதரப்பும் முகம் பார்த்துக்கொண்டன. செவலை பஞ்சாரத்தைச் சுற்றி வந்தது. கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மறுபக்கம் திரும்பி இன்னொரு கண்ணால் சரிபார்த்தது. பஞ்சாரத்தின் ஓரமாகக் கம்பைத் தூவியபோது உள்ளே இருப்பவையும் வெளியே இருப்பவையும் ஒரே நேரத்தில் தின்றன. ஒரு பந்தியில் உட்கார்ந்துவிட்டால் பாதி அந்நியம் போய்விடுகிறது.

5.3 இரவுப் புகுத்தல். கோழிக்கு அந்தி சாய்ந்தால் கண் மங்கும். கூட்டில் எல்லாம் அடைந்தபின் புதியவற்றைக் கையில் எடுத்துச் சத்தமின்றிக் கம்பின்மேல் ஏற்றிவிடுவது மரபு. காலையில் எழும் பழைய கோழிகள், இவை எப்போதும் இங்கேதான் இருந்தன என்று நம்பிவிடும் என்பது மக்கள் நம்பிக்கை. இந்நம்பிக்கை கோழியின் அறிவைக் குறைத்து மதிப்பிடுகிறது. விடிந்ததும் செவலை எண்ணிப் பார்க்காமலே கணக்குத் தவறியதை உணர்ந்தது. இரவுப் புகுத்தலின் பயன் வேறு. புதியவள் கதவு வழியே நுழையும் காட்சி இல்லை. ஆகவே நுழைந்ததும் எழும் முதல் பாய்ச்சலும் இல்லை. விடியற்காலையில் எழுந்துபோய்க் கூட்டைத் திறந்துவிடுவது ஆய்வாளரின் கடமை. அடைத்த கூட்டுக்குள் விசாரணை நடந்தால் தப்ப வழியிருக்காது.

5.4 தட்டும் தட்டியும். தீனித் தட்டுகளை நான்கு இடங்களில் வைக்கவேண்டும். ஒரே தட்டானால் தலைமைக் கோழி பசியில்லாவிட்டாலும் அதன்மேல் காவல் நிற்கும். அதோடு, ஓலைத்தட்டியைச் சுவரில் சாய்த்தோ விறகை அடுக்கியோ மறைவிடம் செய்யவேண்டும். அதற்கு இரண்டு வாசல் இருப்பது முக்கியம். துரத்தப்படுபவள் கண்ணில் படாமல் போனால் துரத்துபவள் எதற்காக ஓடினோம் என்பதையே மறந்து குப்பையைக் கிளறத் தொடங்குவது பலமுறை பதிவானது.

6. கண்டறிந்தவை

6.1 கொத்தின் இலக்கணம். செவலை நிமிர்ந்து வரும். கழுத்து மயிர் குடைபோல் விரியும். எதிரே நிற்பவளின் கொண்டையில் ஒரு கொத்து. புதியவள் தலையைத் தாழ்த்தி ஒதுங்கினால் தீர்ப்பு வழங்கப்பட்டதாகப் பொருள். அதன்பின் செவலை கொத்துவதில்லை. திரும்பிப் பார்த்தாலே போதும். தாழாமல் நிமிர்ந்து நின்றால் மட்டுமே இருவரும் நெஞ்சோடு நெஞ்சு எகிறுவர். ஊரைக் கூட்டும் கூச்சலில் பெரும்பகுதி, தோற்றவள் எழுப்புவதும் அல்ல, வென்றவள் எழுப்புவதும் அல்ல. வழக்கில் சம்பந்தமே இல்லாத கருப்பி துவைகல் மேல் நின்று எழுப்புவது.

6.2 கடைசி இடத்தின் கொடுமை. மிகக் கடுமையாகக் கொத்தியது தலைவி அன்று, கிராப்பு. அதுவரை எல்லோரிடமும் கொத்து வாங்கியது அதுவே. விழுப்புரத்தில் முன்பதிவில்லாப் பெட்டியில் அடித்துப் பிடித்து ஏறியவரே விருத்தாசலத்தில் கதவை மறித்துக்கொண்டு இடமில்லை என்பார். அந்த முகம் அப்போது கிராப்புக்கு இருந்தது. தனக்குக் கீழே ஒருத்தியாவது இருக்கவேண்டும் என்பது அதன் ஒரே கோரிக்கை. ஆறாவது இடத்தில் நீடிப்பதா, எட்டாவது இடத்துக்கு இறங்குவதா என்பதே அதன் முன்னிருந்த கேள்வி என்பதால் இதில் நியாயமும் உண்டு.

6.3 சேவலின் பங்கு. சேவல் இரண்டு சண்டைகளுக்கு நடுவில் புகுந்து விலக்கியது. ஒரு புழுவைக் கண்டு, எடுத்து, போட்டு, எடுத்து, ‘கொக் கொக்’ என்று புதியவற்றை அழைத்தது. இது நடுநிலைமையா, வேறு நோக்கமா என்பது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

6.4 மனிதத் தலையீடு. ஆய்வு உதவியாளர் (ஏழாம் வகுப்பு) ஒவ்வொரு கொத்துக்கும் ஓடிப்போய்ப் புதுக்கோழியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். கீழே விட்டதும் வழக்கு விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கியது. அப்பாயி முறத்தில் புடைத்துக்கொண்டே சொன்னார்: “ஏ பாப்பா, அதுக பாட்டுக்குக் கொத்தி முடிச்சுக்கும். நீ ஊடால ஊடால தூக்குனா அது எப்பத்தான் முடியும்?” துறையின் மையக் கோட்பாடு இதுவே. தீர்ப்பு வருமுன் தூக்குவது விடுதலை அன்று, வாய்தா.

எப்போது தலையிடலாம் என்ற வினாவுக்கும் அவரே விடையளித்தார்: “ரத்தத்தப் பாத்தா மட்டும் எடு.” இது அறிவியலுக்கும் பொருந்தும். சிவப்பைக் கண்டால் கோழிகள் திரும்பத் திரும்ப அங்கேயே கொத்தும். வேடிக்கை பார்த்தவையும் சேர்ந்துகொள்ளும். காயம்பட்டதைப் பிரித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, ஆறிய பிறகே விடவேண்டும். மூலையில் முடங்கித் தீனியே எடுக்காமல் நிற்பவளையும் பிரித்தே வைக்கவேண்டும்.

7. மறுப்பும் விளக்கமும்

‘இது எங்கள் கொல்லை, வந்தேறிகளுக்கு இடமில்லை’ என்பது பழைய கோழிகளின் தரப்பு. இதை வரலாற்று நோக்கில் மறுக்கலாம். கருப்பியே ஒரு சந்தைநாளில் வந்தவள். இன்னும் பின்னால் போனால், வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு, தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008இல் வெளியான மரபியல் ஆய்வு காட்டியது. அதாவது எப்போதோ ஒருநாள் நம் காட்டுக்கோழியொன்று யாருடைய கூட்டத்திலோ புதுவரவாக நுழைந்து, கொத்துப்பட்டு, ஒதுங்கி, நிலைத்திருக்கிறது. அதன் சாட்சி உலகெங்கும் மஞ்சள் காலோடு நடமாடுகிறது. இவ்வாதம் செவலையிடம் எடுத்துரைக்கப்பட்டது. அது ஆய்வாளரின் செருப்பு வாரைக் கொத்தியது.

8. முடிவுகள்

ஒன்று: புதுக்கோழியைக் கொத்துவது கூட்டத்தின் நோய் அன்று, அமைதிக்குக் கூட்டம் செலுத்தும் முன்பணம். வரிசை தீர்ந்தபின் காரியம் ஒரு பார்வையில் முடியும்; தீராதவரை நாள்முழுதும் இறகு பறக்கும்.

இரண்டு: கலவரக் காலத்தில் முட்டை குறையும். அதற்குப் புதியவளைத் திட்டக்கூடாது. பழையவர்களும் வேலை நேரத்தில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள் என்பதே காரணம்.

மூன்று: தீர்ந்த வழக்கும் நிரந்தரம் அன்று. சில வாரங்கள் பிரித்து வைத்தால் பழகிய கோழியும் அந்நியமாகும். அடை கிடந்துவிட்டு வரும் கோழி தன் பழைய இடத்துக்கு மீண்டும் வாதாட நேரலாம்.

நான்கு: இவ்வாய்வின் முடிவுகள் யாவும் அப்பாயிக்கு முன்பே தெரியும். எனினும் அவர் மேற்கோள் குறி இட்டுப் பேசுவதில்லை என்பதால் அவரது கருத்துகள் இதுவரை ஆய்வுலகில் ஏற்கப்படவில்லை.

9. மேலாய்வுக்குரிய களங்கள்

தொடர்ந்து ஆராயத்தக்க தலைப்புகள்: ‘துவைகல் மேலேறிக் கூச்சலிடும் கோழிகளும் பொதுக்கருத்து உருவாக்கமும்’, ‘கூட்டத்தில் வாத்தைச் சேர்த்தால் வரிசையில் அதற்கு எண் உண்டா?’; ‘சேவலின் நடுநிலைமை: ஒரு மறுவாசிப்பு’. இவற்றுள் மூன்றாவது உடனே தொடங்கப்படவேண்டும். தீபாவளி நெருங்குகிறது. ஆய்வுப் பொருளாக எழுத்தில் அறிவிக்கப்பட்ட சேவலைக் குழம்பு வைப்பது ஆய்வு நெறிக்கு முரண் என்று நெறியாளரிடம் முறையாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது. நெறியாளர் அம்மியைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.