மொட்டைமாடி வெல்டிங்: அகத்திணை நோக்கில் ஓர் ஆய்வு

சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை முதல் நரம்பியல் வரை எல்லாவற்றையும் கண்டெடுத்துவிட்ட நம் ஆய்வுலகம், மொட்டைமாடியில் தனியே ராட் வெல்டிங் பழகும் ஆடவனை மட்டும் எந்தத் திணையிலும் சேர்க்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. மிக், டிக் முதலிய பிற வெல்டிங் முறைகள் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்கான காஸ் சிலிண்டரின் விலை தலைவனின் எல்லைக்கும் அப்பாற்பட்டது. அகமாந்தருக்குப் பெயர் சுட்டும் மரபில்லை என்பதால் தலைவன் இங்கும் தலைவன் என்றே வழங்கப்படுவான். அவனுக்கு அதில் மகிழ்ச்சியே இருக்கும்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே நிழல் விழும் மூலை. பெரும்பொழுது, ஐப்பசி கார்த்திகை நீங்கலான மாதங்கள். மழைக்காலத்தில் ராட்டின் பூச்சு ஈரம் குடிக்கும், ஈரத் தரையில் மின்சாரத்தோடு நிற்பதும் அறிவுடைமை ஆகாது. சிறுபொழுது, வீட்டில் மோட்டாரும் மிக்சியும் ஓடாத வேளை. தோளில் மாட்டிக்கொண்டு மாடியேறும் இன்வெர்ட்டர் மெஷின் 230 வோல்ட்டில் ஓடுவது. பவர் பிளக்கில் அதைச் செருகி ராட்டைத் தகட்டில் தட்டியதும் கீழே விளக்குகள் ஒரு முறை சிமிட்டும். தலைவனின் களவொழுக்கம் தெருவுக்குத் தெரிந்து அலராவது அந்தச் சிமிட்டலால்தான்.

கருப்பொருளில் தெய்வம் பற்றி உரைகாரர்கள் வேறுபடுவர். 1888இல் உலோகக் கம்பியையே உருக்கி ஒட்டிக் காட்டிய ரஷ்யரான நிக்கோலாய் ஸ்லாவ்யானவ் என்பார் ஒரு சாரார். இது பொருந்தாது. வெறுங்கம்பியில் உருகும் இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் வாங்கிக்கொண்டு, ஆறியபின் துளை விழுந்து நொறுங்கும். கம்பிக்குப் பூச்சு கொடுத்தவர் ஸ்வீடனின் ஆஸ்கர் ஷெல்பெரி. 1904இல் எசாப் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. பூச்சு எரிந்து எழும் வாயு காற்றை விலக்கும். பூச்சின் மிச்சம் உருகி ஸ்லாக்காகி, ஆறும் வெல்டை மூடிக் காக்கும். தலைவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுத்தியால் தட்டி உதிர்ப்பது, அத்தெய்வத்தின் பிரசாதத்தை என்று அறிக.

பறை, மேற்படிச் சுத்தி. உணவு, பால். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்த புகையை முகர்ந்தால் இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் அது அண்டாது என்பது பட்டறை மரபு. பூச்சைக் கிரைண்டரில் முதலில் உரித்துவிட்டு, காற்று புகையைத் தள்ளும் பக்கம் முகத்தை வைக்காமல் வேலை செய்தால் பாலைக் காப்பிக்குப் பயன்படுத்தலாம் என்பது இவ்வாய்வாளர் துணிபு. யாழ், ஆர்க்கின் ஓசை. சரியான கரண்டில் சரியான இடைவெளியில் ராட் ஓடினால், காய்ந்த எண்ணெயில் அப்பளம் பொரியும் ஓசை இடையறாமல் கேட்கும். விட்டு விட்டு வெடித்தால் பண் பிழைத்தது.

ராட்டின் மேல் பொறித்த எண்களுக்கும் உரை தேவை. கடையில் கேட்டதும் கிடைப்பது 6013. முதலில் நிற்கும் 60, வெல்டின் இழுவலிமை சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு என்பதைக் குறிக்கும். அடுத்த 1, எந்த நிலையிலும் ஓட்டலாம் என்பது. அது ராட்டைப் பற்றிய கூற்றேயன்றிக் கையைப் பற்றியது அன்று. 7018 இன்னும் உயர்குடிப் பிறப்பு. அதன் பூச்சில் ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தும் விரிசல் காட்டும். ஆகவே ஈரம் ஏறிய ராட்டை 300 டிகிரிக்கு மேல் சுடவைத்தே எடுப்பர். கேக் சுடும் அவனில் இதை முயலும் தலைவர்களும் உளர். அந்த அவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும்; நற்றாய் அவ்வளவில் நிற்பதில்லை.

களவின் முதல் துறை, ராட் ஒட்டிக்கொள்ளுதல். 2.5 எம்.எம். ராட்டுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வேண்டும். தகடு கருகிவிடுமோ என்று அஞ்சிய தலைவன் 50இல் வைப்பான். நெருப்பைக் கண்டதும் திகைத்து ராட்டை அப்படியே அழுத்துவான். நுனி உறைந்து தகட்டோடு ஒன்றாகும், ராட் முழுதும் சிவக்கும், தகடும் மேசையும் சேர்ந்து எழும்பும். ஹோல்டரைப் பக்கவாட்டில் முறுக்கினால் விடுபடும். மேல்நோக்கி இழுப்பது தொடக்கநிலை. ஒட்டச் சொன்ன இரு தகடும் பிரிந்தே கிடக்க, ஒட்டச் சொல்லாத ராட் உயிரைக் கொடுத்து ஒட்டிக்கொள்வதைக் கைக்கிளை என்பதா பெருந்திணை என்பதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பட்டறைக்கார அண்ணன், பாங்கன் கூற்றாகச் சொல்வது: "கரண்ட்ட ஏத்து தம்பி, கைய இறக்கு. நெருப்பப் பாக்காத, உருகி நிக்குது பாரு, அதப் பாரு." பாடநூல்கள் பல பக்கங்களில் சொல்வதும் இதுவே. ஆர்க்கின் நீளம் ராட்டின் கம்பித் தடிமனைத் தாண்டக் கூடாது. ராட் உருக உருகக் கை இறங்கிக்கொண்டே வரவேண்டும்.

இனி உரிப்பொருள். வெல்டிங் உலகம் மூட்டின் கிடப்பை 1ஜி, 2ஜி என எண்ணிட்டு வழங்கும். அவ்வெண்கள் ஐந்திணையே என்பது இங்கு நிறுவப்படுகிறது. 1ஜி, தகடு படுத்திருக்க மேலிருந்து ஓட்டுவது, குறிஞ்சி. உருகிய இரும்பு தன் எடையாலேயே மூட்டுக்குள் இறங்கி இரு தகட்டையும் கூட்டுவிக்கும். புவியீர்ப்பே தோழி. 2ஜி, தகடுகள் நின்றிருக்க மூட்டு கிடையாக ஓடுவது, மருதம். இரும்பு கீழ்த்தகட்டின் பக்கமே சாய்ந்துவிட, மேல்தகட்டின் ஓரம் அரிக்கப்பட்டு அண்டர்கட் விழும். ஊடலுக்கு வேறு காரணம் வேண்டுமோ? 3ஜி, செங்குத்து மூட்டில் கீழிருந்து மேலேறுவது. முல்லை, உரிப்பொருள் இருத்தல். இரு ஓரத்திலும் சற்றே காத்திருந்து, கீழே வைத்தது உறைந்த பின்பே மேலே நகர வேண்டும். பொறுமையில்லாதவன் வெல்ட் அவன் செருப்பில் விழும். 4ஜி, தலைக்கு மேல், நெய்தல். பொறி சட்டைக் காலருக்குள் நுழையும்போது எழும் இரங்கல் ஒலியைத் தெரு முழுதும் கேட்கும்.

பாலைக்கோ தனி நிலம் இல்லை. பிற நிலங்கள் திரிந்தே பாலையாகும். பைப்பும் அவ்வாறே. 5ஜியில் படுத்த பைப்பைச் சுழற்றாமல் சுற்றி வரும்போது அடியில் நெய்தல், பக்கங்களில் முல்லை, உச்சியில் குறிஞ்சி. 6ஜியில் அதே பைப் 45 டிகிரி சாய்ந்து நிற்பதால் எல்லாத் திணையும் மயங்கும். இதன் உரிப்பொருள் பிரிவு, அதிலும் பொருள்வயிற் பிரிவு: வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆளெடுக்கும் டிரேட் டெஸ்டில் பைப் வெல்டரிடம் கேட்பது இதைத்தான். திருச்சி திருவெறும்பூரில் பெல் பாய்லர் ஆலையும் அதன் வெல்டிங் ஆய்வு நிறுவனமும், துவாக்குடி வரை நீளும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் இருப்பதால், காவிரிக்கரை மருத நிலத்திலேயே பாலை செழித்தது என்பது ஆய்வாளர் கவனிக்கத் தக்கது.

மாடித் தலைவனின் சோதனை இதற்கு நெடுந்தொலைவு. அவன் மயங்குவது புறத்தில். அடுக்கடுக்காய் அலை விழுந்த ரன் கிடைத்ததும் நான்கு கோணங்களில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவான். அந்த அழகை இவ்வாய்வாளர் ஐயத்தோடே நோக்குகிறார். சோதனை கேட்பது அகத்தை. முறையான தேர்வில், வி வடிவில் செதுக்கிய 10 எம்.எம். தகடுகளை ஒட்டி, குறுக்கே பட்டைகள் அறுத்து, மேல்முகம் வெளியே வர ஒன்றும் ரூட் எனும் அடிப்பக்கம் வெளியே வர ஒன்றுமாக யு வடிவில் வளைப்பர். வளைவில் 3 எம்.எம்.மைத் தாண்டிய திறப்பு இருந்தால் தோல்வி. வீட்டில் அப்படி வளைக்க ஜாக்கி இல்லை, ஆனால் வைஸும் சம்மட்டியும் உண்டு. டி வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய தகட்டை, வெல்ட் உள்ள பக்கமாகவே மடிய அடித்தால் ரூட் வாய் திறக்கும். நல்ல வெல்ட் தகட்டையே வளைக்கும். தலைவனுடையது மூன்றாம் அடியில் சுத்தமாகக் கழன்று விழும். மூலையில் தகட்டின் அறுத்த ஓரம் உருகாமல், கடையில் வாங்கியபடியே பளிச்சென்றிருக்கும், நடுவே கறுப்பு நூலாக ஸ்லாக். மேலே அலை, கீழே உறவே இல்லை. கரண்ட் குறைவு, அல்லது ராட் ஒரு தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

மெய்ப்பாடு ஒன்று எஞ்சியுள்ளது. கண்ணாடி இல்லாமல் 'ஒரே ஒரு டாக்' வைத்த தலைவன், நள்ளிரவில் துயிலின்றிக் கண்ணீர் உகுப்பான். இதனைக் காமநோய் எனக் கொண்ட உரை பிழை. ஆர்க்கின் புற ஊதாக் கதிர் விழிவெண்படலத்தைச் சுட்ட புண், 6 முதல் 12 மணி நேரம் கழித்தே வலிக்கத் தொடங்கும். கண்ணில் மணலை வாரிப் போட்டதுபோல் உறுத்தும். உருளைக்கிழங்கு வில்லை, தாய்ப்பால் முதலிய மருந்துகளோடு உறவினர் வந்து சூழ்வர். கண் மருத்துவரே தக்கவர். முன்னதாக 10ஆம் எண் கண்ணாடி தக்கது.

கற்பியலில் தலைவன் செய்யும் முதற்பொருள் யாது? துணிக்கொடிக் கம்பம் இரண்டு ஒட்டித் தா என்பதே நற்றாய் தொடக்கம் முதல் கேட்டு வருவது. ஆனால் வெல்டிங் பழகியவன் முதலில் செய்வது, வெல்டிங் பழகுவதற்கான இரும்பு மேசை. இதற்கு விதிவிலக்கு இவ்வாய்வில் அகப்படவில்லை. அம்மேசையின் நான்கு காலும் தரையைத் தொட்ட அன்று நற்றாய் மாடிக்கு வந்து, தட்டிப் பார்த்து, அசைத்துப் பார்த்து, கூற்று நிகழ்த்தினாள்: "பரவால்லடா, நல்லாத்தான் நிக்குது. நாளைக்கு இங்க புகை போடாத, வத்தல் காயவைக்கணும்."