குழாயை மாட்டிக்கிட்டுக் கல்கத்தா போற பேராண்டிக்கு

ஏங்கண்ணு, கழுத்துல மாட்டற இந்தத் துணிக் குழாய்க்கா 900 ரூவா? இரு இரு, மொகத்தைத் தூக்காதே. நான் வையலை. சித்தெ கையில குடு, பாக்கறேன். ரெண்டு பக்கமும் வாய் தெறந்திருக்குது. பக்கத்துல தையல் இல்லை. இழுத்தா வருது, உட்டா பழையபடி சுருங்கிக்குது. அட கெரகமே, இது நம்ம பனியன் துணிதானே! நிட்டிங் மிசின்ல துணி எப்படி எறங்குதுன்னு சின்ன வயசுல இருந்து பாத்திருக்கறயே. வட்டமா ஊசி நிக்கும், மேல கோன்ல இருந்து நூல் வரும், மிசின் சுத்தச் சுத்தத் துணி கீழே குழாயாத்தான் எறங்கும். அதை வெட்டி விரிச்சாத்தான் தட்டைத் துணி. சின்ன டயா மிசின்ல ஓட்டி, மொழத்துக்கு ஒண்ணா வெட்டிப் போட்டா உன்ற பயணச் சாமான் ரெடி. பாலியஸ்டர் நூலு, மேல மலைப் படம் ஒண்ணு. அந்த மலைக்குத்தான் 900 ரூவா குடுத்திருக்கறே.

வெளிநாட்டான் கண்டுபுடிச்சதுன்னு நீ சொல்றதை நான் மறுக்கலை. ஸ்பெயின்ல, பார்சிலோனாவுக்குப் பக்கத்துல இகுவலாடான்னு ஒரு ஊரு. அதுவும் நம்ம திருப்பூர் மாதிரி பின்னலாடை ஊருதான். அங்க ஜுவான் ரோஹாஸ்னு ஒருத்தர், மோட்டார் சைக்கிள் பித்து. வண்டியில போகையில காத்து கழுத்துல அடிக்குதுன்னு 1990-கள் தொடக்கத்துல இப்படிக் குழாயாப் பின்னி மாட்டிக்கிட்டார். பஃப்னு பேரு வெச்சு வித்தார். நாம இங்க அதே குழாயை வெட்டி, கை வெச்சு, கழுத்துப் பட்டி அடிச்சு, லேபிள் தெச்சு, டஜன் கணக்குல லாரி ஏத்திட்டு, பாக்கிக்கு நடையா நடந்தோம். ஒண்ணுமே தைக்காம வித்தவர் உலகம் பூரா பேரு வாங்கிட்டார். எனக்கு வயித்தெரிச்சல் இல்லை கண்ணு. கொஞ்சூண்டு இருக்குது.

சரி, இதை எந்த ஊருக்குக் கொண்டு போறேன்னு உனக்குத் தெரியுமா? இந்தியாவுல மொதமொதல்ல பின்னலாடை ஆலை வெச்சதே கல்கத்தா கிதிர்ப்பூர்ல, 1893-ல. நம்ம திருப்பூர்ல பழைய ஆளுக யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, 1925 வாக்குல குலாம் காதர் சாயபு கல்கத்தாவுக்குப் போய் மிசினைப் பாத்துக் கொண்டாந்து வெச்சதுதான் இந்த ஊருப் பனியனுக்கே பிள்ளையார் சுழின்னு. அந்த ஊருக்கு நீ பனியன் குழாயைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போறது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான். ஆனாலும் கொண்டு போ. விக்கிறதுக்கில்லாம உடம்புல போட்டுக்கறதுக்குன்னா அந்த ஊருல இதுக்கு நெறைய வேலை இருக்குது. நான் பாக்கி வசூலுக்குப் போய்ப் படா பஜார் சந்துகள்ல செருப்புத் தேஞ்சவன். அந்த ஊரு துணிக்கு என்னென்ன வேலை வெக்கும்னு எனக்குத் தெரியும்.

மொதல்ல ரயிலு. சென்னையில ஹவுரா மெயில் ஏறினயின்னா சுமார் 1,660 கிலோமீட்டர், ஒரு நாளுக்கும் மேல ஓட்டம். ராத்திரி எவனாச்சும் விளக்கைப் போட்டுட்டுச் சீட்டாடுவான். குழாயைக் கீழே எறக்கிக் கண்ணை மூடிக்கோ, காதும் சேந்து மூடிக்கும். வழியில டீக்காரன் குரலுக்கு மட்டும் தெறந்துக்கோ. மாத்துச் சட்டையைச் சுருட்டி உள்ளே திணிச்சா தலகாணி ஆயிரும். அந்த ரயில் தலகாணி உறையை மோந்து பாத்தவனுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

ஆனா இதுல ஒரு கொறை. முனை இல்லை. அந்தக் காலத்துல நான் வசூல் பணத்தைத் துண்டு முனையில முடிஞ்சு, இடுப்புல சொருகிக்கிட்டு, தூங்கற மாதிரி கண்ணை மூடிட்டு வருவேன். உன்ற குழாயில எங்க முடிவே? முனை இல்லாத துணியில ரகசியம் தங்காது.

அதே முனை இல்லாததுதான் இதுக்குப் பெரிய யோக்கியதையும். 1927-ல பிரான்சு தேசத்து நீஸ் நகரத்துல இசடோரா டங்கன்னு பேரு போன நாட்டியக்காரி, நீளமாச் சால்வையைக் கழுத்துல சுத்திக்கிட்டுக் காருல ஏறினாங்க. தொங்கின முனை சக்கரத்துல சிக்கி, அங்கயே முடிஞ்சு போச்சு. கல்கத்தாவுல நீ சைக்கிள் ரிக்சாவுல ஏறுவே, எவனாச்சும் பைக்குல பின்னால ஏத்திக்குவான், கதவோரம் தொத்திக்கிட்டுப் பஸ்ஸுல போவே. தொங்கறதுக்கு முனை இல்லைன்னா சிக்கறதுக்கும் ஒண்ணும் இல்லை. உன்ற அக்கா துப்பட்டாவை இந்த வெசயத்துல நான் நம்பவே மாட்டேன். வாடகை ஹெல்மெட்டுன்னா குழாயைத் தலையில மாட்டிட்டு அப்பறம் அதைப் போடு. எத்தனை தலை எண்ணெயைக் குடிச்சிருக்குமோ அது!

கழுத்துத் துணியால பிரயாணிக்கு என்ன ஆகும்னு அந்தக் கல்கத்தா சர்க்காருக்கு முன்னாலயே தெரியும். 1830-கள்ல பெண்டிங் துரை அங்க உக்காந்து ஆண்டப்பத்தான் ஸ்லீமன்னு ஒரு அதிகாரி தக்கர்களை வேட்டையாடினான். அவங்க வழித்துணையாச் சேந்து, சிரிச்சுப் பேசி, கைக்குட்டையைக் கழுத்துல போட்டு இறுக்கறவங்க. அதனால ரயில்ல ஆரும் எச்சாச் சிரிச்சுப் பேசினா... சரி உடு, இப்ப அதெல்லாம் ஓ.டி.பி. கேட்டு இறுக்கறாங்க.

இப்ப வெய்யிலு. தண்ணியில நனைச்சுக் கழுத்துல போட்டுக்கிட்டா ஜில்லுன்னு இருக்கும்னு பெட்டியில எழுதியிருக்குதாக்கும்? அது காஞ்ச காத்து அடிக்கிற ஊருக்கு எழுதினது. ஈரம் ஆவியாப் போனாத்தான் குளுமை. மே மாசம் கல்கத்தாவுல காத்தே பாதித் தண்ணி. உன்ற ஈரத்தை அது எங்க வாங்கிக்கும்? கால் மணி நேரத்துல கழுத்துல வெந்த துணிதான் கெடக்கும். அந்த மாசத்துல அதைக் கழட்டிப் பையில வெச்சுக்கறதுதான் உபயோகம். அதிகம் போனா நெத்தியில பட்டையாக் கட்டி, வேர்வை கண்ணுல எறங்காம பாத்துக்கோ.

காஞ்ச ஊருன்னா கதை வேற. கல்கத்தா சிம்லாப் பகுதியில பொறந்த ஒருத்தர் ராஜஸ்தானத்துப் பக்கம் சுத்தையில அனல் காத்து தாங்க முடியாம தவிச்சாராம். கேத்ரி ராஜா அஜித் சிங் தலைப்பாகை கட்டச் சொல்லிக் குடுத்தார். விவேகானந்தரைத்தான் சொல்றேன். நீ காலண்டர்ல கும்புடற அந்தத் தலைப்பா, வெய்யிலுக்குக் கட்டின பயணச் சாமானு! 1893-ல அதோடதான் சிகாகோவுல நின்னார். போறதுக்கு வசூல் பண்ணிக் குடுத்ததுல நம்ம மெட்ராஸ் அளசிங்கப் பெருமாளுக்குப் பெரிய பங்கு. வங்காளத்துத் தலை, ராஜஸ்தானத்துத் துணி, நம்ம ஊரு வசூலு. வசூல்காரனோட பேரு மட்டும் காலண்டர்ல வராது. எனக்கு அது பழக்கமானதுதான்.

நீ போறது மார்கழி, தையின்னு சொன்னே. அப்பத்தான் இந்தக் குழாய்க்கு மவுசு. குளிரு என்ன பெரிசா இருந்துரும்? விடிகாலையில 12, 13 டிகிரி. நம்ம ஊட்டிக்காரன் கேட்டாச் சிரிப்பான். ஆனா அந்த ஊருக்காரங்க ஐப்பசி கார்த்திகையிலயே பனி தலையில எறங்கிரும்னு பயந்து மங்கி கேப்பை மாட்டிக்குவாங்க. பெரிய படிப்பாளிக, காலேஜு வாத்தியாருக, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியில தெரிய, கையில மீன் பையோட நடக்கறதைப் பாக்கக் குடுத்து வெச்சிருக்கோணும். நாடே அதைச் சொல்லிச் சிரிக்குது. நீ சிரிச்சறாதே. உன்ற குழாயைத் தலைக்கு மேல இழுத்து, மொகம் மட்டும் தெரிய உட்டுப் பாரு. அதேதான்! மங்கி கேப்போட உச்சந்தலையை வெட்டிட்டு உனக்கு எச்சு விலைக்கு வித்திருக்கறான். அந்த ஊரு பாட்டிமாரு தெருவுல உன்னைப் பாத்தாங்கன்னா, நல்லா வளத்த பையன்னு சொல்லுவாங்க.

பொகைக்கு மட்டும் இதை நம்பாதே. குளிர்காலத்துல அந்த ஊருக் காத்து மோசம். மூக்குக்கு மேல இழுத்துட்டாச் சரின்னு நெனைக்காதே. ஜன்னலுக்கு நேராப் புடிச்சு இழுத்துப் பாரு. பின்னின கண்ணியெல்லாம் வாயைப் பொளந்துக்குது, அதுல அந்தண்டை வேப்பமரம் தெரியுது. மரம் தெரியற ஓட்டையில பொகைத்தூசி நிக்குமா? ரோட்டுப் புழுதி, பஸ்ஸு கக்கற கரி, மீன் மார்க்கெட்டு வாசம், அந்த அளவுக்குத் தாங்கும். நெஞ்சுக்கு ஆகாதவன்னா மருந்துக் கடையில என்-95 வாங்கு, அந்தச் செலவுக்குக் கஞ்சம் புடிக்காதே.

கோயில் குளம் பாக்கப் போவே. படா பஜாரை ஒட்டி ஒரு நடையில மூணு சாமியைப் பாக்கலாம். 1884-ல கட்டின மேகன் டேவிட் யூதக் கோயில், சக்கரியா தெருவுல 1926-ல அடிக்கல் போட்ட நாகோதா மசூதி, பக்கத்துலயே சீக்கியங்க குருத்வாரா. யூதக் கோயில்லயும் குருத்வாராவுலயும் தலை மூடித்தான் போகோணும், மசூதியிலயும் மூடிக்கறது மரியாதை. குழாயோட பாதியில ஒரு முறுக்கு முறுக்கி, மேல் பாதியை உள்ளாற மடிச்சு மாட்டு. தொப்பி ஆயிரும். யூதக் கோயிலைத் தலைமுறையாப் பாத்துக்கிட்டு வர்றவங்க முஸ்லிம் காவலாளிக. அவங்க கிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு வா. கட்டடத்தை விட அது பெரிசு. மசூதிக்கு வெளியில வந்தயின்னா பிரியாணி வாசம் இழுக்கும், அப்பக் குழாயை மூக்குல இருந்து எறக்கிக்கோ.

இன்னொண்ணு, கலரு. இதை ஆரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. பச்சையும் மெரூனும் சேந்திருந்தா மோகன் பகான், 1889-ல இருந்து இருக்கற கால்பந்து கிளப்பு. செவப்பும் மஞ்சளும்னா ஈஸ்ட் பெங்கால், 1920. கழுத்துல எந்தக் கலரைப் போட்டிருக்கறயோ அந்தப் பக்கத்துக்காரன்னு முடிவு பண்ணி டீக்கடையில வம்புக்கு இழுப்பாங்க. ஒரு பக்கம் ஜெயிச்சா எறாலு, இன்னொரு பக்கம் ஜெயிச்சா இலிசு மீனு. எந்த ஊட்டுல சாப்பாட்டுக்குக் கூப்புட்டிருக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கலரை மாத்து. ரெண்டு குழாய் எடுத்துட்டுப் போனாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். தனிச் செவப்பு, தனிப் பச்சை, காவி, இதையெல்லாம் தேர்தல் நேரத்துல பொட்டியிலயே வெச்சுப் பூட்டிரு.

இத்தனை சொன்னதுக்கப்பறமும் அங்க எறங்கின மொத நாளே ஒரு கம்சா வாங்கிரு. செவப்புக் கட்டம் போட்ட மெல்லிசுத் துண்டு. பாங்குரா, சாந்திப்பூர் பக்கம் நெய்யறது. விடியக்காலம் ஹவுரா பாலத்துக்கடியில மல்லிக் காட் பூ மார்க்கெட்டுல போய் நில்லு. செண்டுமல்லிச் சரத்தைப் பொதி பொதியா ஏத்திக்கிட்டு வர்றவன் தலையில சும்மாடு என்ன துணி? கம்சா. எறக்கினதும் வேர்வை தொடைக்கிறது அது. படித்துறையில எறங்கினா இடுப்புல அது, கரையேறினாத் தோள்ல காயறதும் அது. கைரிக்சா இழுக்கறவன் கழுத்துலயும் அதுதான். உன்ற குழாயையும் சுருட்டினாச் சும்மாடு ஆகும், இல்லைங்கலை. ஆனா அதைக் கட்டிக்கிட்டுக் கங்கையில முழுகு பாக்கலாம்! ஒரு தொடை மட்டும் மானத்தோட இருக்கும்.

உடம்புல மாட்டறதுக்குக் குழாய், உடம்புக்கு வெளியில இருக்கற வேலைக்கெல்லாம் கம்சா. பட்டாணி வாங்கினா அதுல கட்டலாம், படியில உக்காந்தாத் தட்டிப் போடலாம், மூணு முனையில மூணு ரகசியத்தை முடிஞ்சு நாலாவது முனையில மொகம் தொடைக்கலாம்.

அப்பறம் வெலிங்டன் சதுக்கம் பக்கம் போனயின்னா, குளிர்காலத்துக்கு மட்டும் பூட்டியாக்காரங்க கம்பளிக் கடை விரிச்சிருப்பாங்க. உன்ற குழாயை அங்க கழட்டிக் காட்டி என்ன விலைன்னு கேட்டுக்கிட்டிருக்காதே, மனசு ஒடஞ்சிரும். எனக்கு ஒரு மங்கி கேப் பாரு, காதுல கடிக்காத ரகமா. சொன்ன விலையில பாதிக்குக் கேளு. கடைக்காரம்மா மொகத்தைத் திருப்பிக்கிச்சுன்னா சரியாக் கேட்டிருக்கறேன்னு அர்த்தம். சிரிச்சுக்கிட்டே ஒடனே பையில போட்டுக் குடுத்துருச்சுன்னா, ஊருக்கு வந்து விலையை எங்கிட்டச் சொல்லாதே. உங்கொப்பன் கிட்டச் சொல்லி வாங்கிக்கோ.