இருசக்கர ஊர்தியில் துணைவிளக்கு பூட்டுதல்: ஒரு மீள்பார்வை

இத்துறையில் இதுவரை விரிவான ஆய்வு எதுவும் நிகழாமை பெருங்குறையே. (எல்லா ஆய்வேடுகளும் இப்படித்தான் தொடங்குகின்றன, விலக்குக் கோரும் துணிவு நமக்கு இல்லை.) 2017 ஏப்ரல் முதல் தயாராகும் வண்டிகளில் என்ஜின் ஓடும்வரை முகப்பு விளக்கு அணைவதில்லை, உச்சி வெயிலிலும் எரிகிறது. அதற்குப் பின்னும் இன்னும் இரண்டு விளக்கு எதற்கு எனில், 'வால்பாறை' என்பர் ஆர்வலர். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், மூடுபனி. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி தாம்பரத்தைத் தாண்டியதில்லை. இதை முரண் என்னலாகாது. களப்பணிக்கு முந்தைய நிலை என்க.

கருவிகள்: எதிர்வீட்டில் கேட்டு வாங்கப்படும்.

ஃப்யூஸ்: 20 வாட் விளக்கு இரண்டு, 12 வோல்ட் பேட்டரி, வகுத்தால் மூன்றேகால் ஆம்பியருக்குச் சற்று மேல். 5 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். அதைப் பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் போட வேண்டும். தள்ளிப் போட்டால், இடையிலுள்ள வயர் தேய்ந்து சேசிஸைத் தொடும் நாளில் காப்பாற்ற ஆளில்லை. இதில் கருத்து வேறுபாடு கிடையாது. ஆதலால் இதுபற்றி மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

ரிலே: இங்குதான் புலமை தொடங்குகிறது. விளக்குக்குப் போகும் முழு மின்சாரத்தையும் ஹேண்டில்பார் சுவிட்சு தாங்காது. அது ரிலேயின் சுருளுக்குக் கொஞ்சம் அனுப்பினால் போதும், மீதியை ரிலே பார்த்துக்கொள்ளும். கால்கள் நான்கு. அவற்றுக்கு 1, 2, 3, 4 என்று பெயரிடாமல் 30, 85, 86, 87 என்று இட்டது ஜெர்மானியரின் டின் 72552 தரநிலை. 30-க்குப் பேட்டரி, 87-க்கு விளக்கு. இதை எல்லோரும் ஒப்புவர். சுருளின் இரு முனைகளான 85, 86 ஆகியவற்றில் எது எர்த்து, எது சுவிட்சு?

எண்பத்தைந்தே எர்த்து என்பார் முதல் உரையாசிரியர் (பட்டறை வாசல், ஸ்டூல்மேல் இருந்து அருளியது). எண்பத்தாறு என்பார் இரண்டாமவர் (முன்னவரின் மைத்துனர், வாய்மொழி, டீக்கடை அமர்வு, இதற்கு முன்னவர் அளித்த மறுப்பை அதே டீக்கடை, பெஞ்சின் மறுகோடியில் காண்க). மூன்றாம் உரையாசிரியர், ரிலே வந்த அட்டைப்பெட்டியின் உட்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்த படம் இரு தரப்புக்கும் சான்றாகக் காட்டப்படுகிறது. தீர்ப்புக்குரிய இடத்தில் கிரீஸ் கறை. அக்கறை ஆசிரியர் இட்டதா, பிற்காலத்தார் கை பட்டதா என்பதற்கே தனி நூல் வேண்டும்.

சாதாரண ரிலேயில் சுருளை எப்படித் திருப்பிக் கொடுத்தாலும் வேலை செய்யும் என்பதை இங்குச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இது விவாதத்தைச் சிறிதும் பாதிக்கவில்லை. இதைவிடக் குறைந்த வேறுபாட்டை நம்பிப் பல்கலைக்கழகங்களில் முனைவர்கள் ஓய்வூதியம் வரை வந்திருக்கிறார்கள்.

சில ரிலேக்களில் சுருளுக்குக் குறுக்கே டயோடு உண்டு. அதில் மாற்றிக் கொடுத்தால் மின்சாரம் டயோடு வழியே பாய்ந்து ஏதாவதொன்று புகைந்துவிடும். எர்த்து எது என்னும் வினாவுக்கு இங்கே ஒருவழியாக விடை கிடைக்கிறது. மைத்துனர் மரபினர் ஏற்கவில்லை. டயோடு பிற்காலத்து இடைச்செருகல் என்று ஒதுக்கினர். சில ரிலேக்களில் மட்டும் காணும் ஐந்தாவது காலாகிய 87ஏ, ரிலே ஓய்ந்திருக்கும்போது மட்டும் 30-உடன் ஒட்டி நிற்பது. துணைவிளக்குக்கு வேண்டாதது. அதனைப் பாடபேதம் எனக் கொள்க.

பூட்டுமிடம்: கிராஷ் கார்டு.

கோணம்: விளக்கைச் சற்றே தாழ்த்திப் பூட்டாவிட்டால் எதிரே வருபவருக்குக் கண் கூசும் என்று கூறப்படுகிறது. இது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எதிரே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இதுகுறித்து விரிவாக, நம் முன்னோரையும் மேற்கோள் காட்டி, உரத்த குரலில் கருத்துரைத்தார். அவர் இத்துறை சார்ந்தவர் அல்லர் என்பதால் அது சேர்க்கப்படவில்லை.