நிலம் சூடேறட்டும் மருமோன்

ஈஸ்ட் ஹாமில வீடு எடுத்திட்டீராம் மருமோன். விக்டோரியா மகாராணி கண்ணை மூடுற காலத்துக் கட்டிடமாம். பின்னுக்குக் குசினியை இழுத்துக் கட்டப் போறீராம், வீடு முழுக்க நிலத்துக்குக் கீழ சுடுதண்ணிப் பைப் ஓடப் போகுதாம். சோக்கான யோசினை. குடிபூரலுக்கு வாற சனம் வாசலில சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குக் கால் வைச்ச உடன "ஆ!" எண்டு ஒரு சத்தம் போட வேணும். அந்தச் சத்தத்துக்குத்தான் இவ்வளவு காசும் எண்டு எனக்கு விளங்காதே? ஹரோவில உம்மட சகலன்ர குடிபூரலில அதே சத்தத்தை நீர் போடேக்க நான் பக்கத்திலதான் நிண்டனான்.

செய்யும், வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா புதுமை செய்யிறன் எண்டு மட்டும் ஆருக்கும் சொல்லிப்போடாதையும். லோவர் தேம்ஸ் வீதியில, ஒரு அலுவலகக் கட்டிடத்துக்குக் கீழ, உரோமர் காலத்து வீடும் குளிப்பறையும் கிடக்கு. 1848இல நிலக்கரிச் சந்தை கட்டுறதுக்கு மண் கிண்டேக்க வெளிப்பட்டது. தட்டோட்டை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கிக் குட்டித் தூண் ஆக்கி, அதுக்கு மேல நிலத்தைப் போட்டு, கீழால அடுப்புச் சூட்டை ஓட விட்டிருக்கிறாங்கள். அவங்கள் போன பிறகு இந்த ஊர்ச் சனம் எத்தினையோ நூற்றாண்டா ஒரு மூலையில நெருப்பை மூட்டி, முகம் வேக முதுகு விறைக்க இருந்து பழகியிட்டுது. 1907 அளவில ஆதர் பார்க்கர் எண்ட இங்கிலீசுக்காரர், சின்னச் சுடுதண்ணிப் பைப்பைக் கொங்கிறீற்றுக்குள்ளயும் சாந்துக்குள்ளயும் புதைச்சுவிட்டால் அந்த நிலமும் சுவருமே அறையைச் சூடாக்கும் எண்டு கண்டார். உம்மட பிளம்பர் இப்ப கொண்டுவாறது அந்த ஆளின்ர பேரப்பிள்ளையை.

நியூ மோல்டனில எங்கட சனத்துக்குப் பக்கத்தில கொரியாக்காரர் கனபேர் இருக்கினமல்லே. அவையின்ர ஊரில அடுப்புப் புகையை நிலத்துக்குக் கீழால விட்டு, அந்தச் சூட்டு நிலத்திலயே பாய் விரிச்சுப் படுத்த பரம்பரை அது. இப்ப புகை போன இடத்தில சுடுதண்ணி போகுது, மிச்சம் எல்லாம் முந்தின மாதிரித்தான். நிலத்தில இருந்து நிலத்தில படுக்கிறவைக்கு உது பொருந்தும். நீர் ஆறு பேர் இருக்கிற சோபாவை வாங்கிப்போட்டு, அதில காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு படம் பாக்கப் போறீர். கீழ கிடக்கிற சூடு உம்மட காலைத் தேடி அலையட்டும்.

இன்னொண்டும் கேளும். பிம்லிகோவில சேர்ச்சில் கார்டன்ஸ் எண்டு மாடிவீட்டுத் தொகுதி ஒண்டு இருக்கு, அதுக்குள்ள கண்ணாடி போட்ட உயரக் கோபுரமும் நிக்குது. 1950 தொடக்கம் ஆத்துக்கு அக்கரையில இருந்த பற்றர்சீ மின்நிலையத்தில மிஞ்சின சூட்டைத் தேம்ஸுக்குக் கீழால பைப்பில கொண்டுவந்து, அந்தக் கோபுரத்துத் தாங்கியில தேக்கி, வீடு வீடா விட்டாங்கள். இல்லாட்டில் அந்தச் சூடு ஆத்துத் தண்ணியோடதான் போயிருக்கும். 1983இல மின்நிலையம் மூடப்பட்டாலும் வேற பொயிலர் வைச்சு இப்பவும் சூடு ஓடுது. வீணாப் போற சூட்டை ஆத்தைக் கடந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது அவங்கட கெட்டித்தனம். வீட்டுக்குள்ள காசு குடுத்து உண்டாக்கிற சூட்டை றோட்டுக்கு அனுப்புறது உம்மட கெட்டித்தனமா வரப்போகுது.

எப்பிடி எண்டு கேளும். உம்மட முன் அறைக்குக் கீழ மண் இல்லை. தீராந்தி, அதுக்கு மேல பலகை, கீழ வெறும் வெளி. சுவரடியில ஓட்டைக் கல்லு வைச்சிருப்பாங்கள், அதால வாடைக்காத்து சுகமாப் போய்வரும். நீர் பலகைக்குக் கீழ ஒண்டும் அடையாமல் பைப்பை மட்டும் ஓட விடும். மாசி மாசக் குளிரில அந்த வெளிக்குள்ள இருக்கிற எலி, பூச்சி எல்லாத்துக்கும் ஈஸ்ட் ஹாமில நல்லதொரு மடம் கட்டின புண்ணியம் உமக்குச் சேரும். புண்ணியம் வேண்டாம் எண்டால் தீராந்திக்கு இடையில முதல்ல சூடுகாப்புப் பஞ்சை இறுக்கமா அடையும். அதுக்கு மேல அலுமினியத் தகடு, தகட்டில பைப், பிறகு பலகை. காத்து வருது எண்டு அந்த ஓட்டைக் கல்லைச் சீமெந்தால பூசிப்போடாதையும், மரம் ஈரம் கட்டி உக்கிப்போகும். பைப்புக்கு வழி விடத் தீராந்தியை நட்டநடுவில வெட்டுற கெட்டிக்காரன் வந்தால் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடும்.

பலகையைக் கிளப்பிறது அலுப்பு எண்டால், இருக்கிற நிலத்துக்கு மேலயே வைக்கிற மெல்லிய தட்டும் இருக்கு, 15, 20 மில்லிமீற்றர் தடிப்பில. சுகமான வேலை. பிறகு வீட்டுக் கதவெல்லாம் அடியில உரசும், மாடிப்படியின்ர முதல் படி மட்டும் கட்டையாப் போகும். இரவில தண்ணி குடிக்க இறங்கேக்க நினைவு வைச்சுக்கொள்ளும்.

இனிக் கணக்கு. ஆக்கள் புழங்கிற நிலத்தை 29 பாகைக்கு மேல சூடாக்கக் கூடாது எண்டு ஐரோப்பிய நியமம் சொல்லுது, மரம் பதிச்ச நிலம் எண்டால் 27 காணும் எண்டுவினம். அந்தச் சூட்டில ஒரு சதுர மீற்றர் நிலம் கூடிப்போனால் 100 வாட் தரும். முன் அறை 14 சதுர மீற்றர் எண்டு வைச்சால் 1,400 வாட். அதில சோபா, சோகேஸ், சாமித் தட்டு எல்லாம் பிடிச்ச இடத்தைக் கழியும். மிச்சத்தைக் கொண்டு, நடுவில வெளியில்லாத ஒன்பது அங்குலச் செங்கல் சுவரையும், ஒற்றைக் கண்ணாடி போட்ட பெரிய வளைவு யன்னலையும் சமாளிக்க வேணும். சமாளிக்காது. அதால முன் அறையில ஒரு றேடியேற்றரையாவது விட்டுவையும் எண்டு சொன்னால், "மாமா பழங்காலத்து ஆள்" எண்டு பிள்ளைக்குச் சொல்லிச் சிரிப்பீர். சிரியும். அறை அறையாச் சூட்டு இழப்புக் கணக்குப் போடாமல் விலை சொல்லுற ஆளிட்டயும் இதே மாதிரிச் சிரிச்சால் காணும்.

புதுக் குசினி வேற கதை, அங்க உம்மட ஆசை நியாயமான ஆசை. கொங்கிறீற்றுக்கு மேல தடிச்ச சூடுகாப்புப் பலகை, சுவரோரம் சுத்திவர நுரைப் பட்டி, 16 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் பைப்பை 150, 200 மில்லிமீற்றர் இடைவெளியில வளைச்சு வளைச்சு, ஒரு சுத்து 100 மீற்றருக்கு மேல போகாமல். பைப்புக்குள்ள அழுத்தம் ஏத்தி ஒழுக்கில்லை எண்டு கண்ணால பாத்த பிறகுதான் பைப்பை மூடுற ஸ்கிறீட் எண்ட சாந்தை ஊத்த விடவேணும், ஊத்தேக்கயும் அழுத்தம் இறங்கக் கூடாது. ஊத்த முன்னம் ஒரு படம் எடுத்து வைச்சுக்கொள்ளும். நாளைக்குக் கதவுக்குத் தடுப்புக் கட்டை அடிக்க ஆணியோட வாறது நீர்தானே.

2022 ஆனி தொடக்கம் இங்கிலாந்தில புதுசாப் போடுற, சுடுதண்ணியால வீட்டைச் சூடாக்கிற ஏற்பாடு முழுக்க 55 பாகைக்குள்ள வேலை செய்யிற மாதிரி அமைக்க வேணும் எண்டு கட்டிடச் சட்டம் இருக்கு. உம்மட நிலத்துக்கு 35, 45 காணும். தண்ணி குறைஞ்ச சூட்டில ஓட ஓட ஹீற் பம்புக்குக் கொண்டாட்டம், கறண்டும் குறையச் செலவாகும். ஹீற் பம்ப் பூட்ட அரசாங்கம் 2023 ஐப்பசி தொடக்கம் 7,500 பவுண் உதவியும் குடுக்குது. ஓட்டை வீட்டில அதைப் பூட்டினால் பம்ப் இரவு பகல் முனகும், நீர் பில்லைப் பாத்து முனகுவீர், ஆள் ஆளுக்குத் துணை. பழைய பொயிலரோடயே இணைக்கிறதெண்டால் காஸ் சேஃப் அட்டை இருக்கிற ஆளாப் பாரும். "ஊர்க்காரப் பெடியன், அரைவிலைக்குச் செய்வான்" எண்டு நீர் சொல்லுற ஆளும் நல்ல பெடியன்தான். கலியாணத்துக்குப் பந்தல் போட.

இப்ப முக்கியமான சிக்கலுக்கு வாறன். ஐயர் குடிபூரலுக்கு நாள் வைச்சிட்டார் எண்டு அறிஞ்சன். ஸ்கிறீட்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது மருமோன். சீமெந்து ஸ்கிறீட் நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் எண்டுதான் காயும், தடிப்புக் கூடினால் அதுவும் இல்லை. 65 மில்லிமீற்றர் ஊத்தினால் இரண்டு மாசம் தாண்டும். கெதியாக் காயட்டும் எண்டு அடுத்த நாளே பொயிலரைப் போடாதையும். 21 நாள் பொறுத்து, பிறகு நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாச் சூட்டைக் கூட்ட வேணும். அந்தரப்பட்டு மேல மரம் பதிச்சால் பலகை வளைஞ்சு எழும்பும். பால் காய்ச்சிற நல்ல நேரத்துக்குப் பானை வைக்கிற இடமே சரிஞ்சு நிக்கும். ஐயருக்கு இன்னொருக்கா ரெலிபோன் எடும். தையில இல்லாட்டில் வைகாசியில நாள் தருவார், அவருக்கு நாளுக்குப் பஞ்சமே?

எல்லாம் முடிஞ்சு குடிபோன பிறகு விருந்தாளி வாசல்மணி அடிச்ச உடன ஓடிப்போய் சுவிச்சைத் தட்டிப்போட்டு, சூடு வருகுதில்லை எண்டு பிளம்பரைத் திட்டாதையும். ஸ்கிறீட் நிலம் கிழட்டு வண்டில் மாடு மாதிரி, அடிச்சாலும் அதே நடைதான். காலமைச் சூட்டுக்கு இரவே கட்டளை போயிருக்க வேணும். குளிர்காலத்தில நிப்பாட்டாமல் இரண்டு மூண்டு பாகை இறக்கி வைக்கிறதோட விடும். அதுக்கு மேல உம்மட மனிசி மொத்தக் காப்பெட் விரிக்க ஆசைப்படுறா எண்டால், காப்பெட்டும் கீழ் விரிப்பும் சேர்த்துச் சூட்டைத் தடுக்கிற அளவு 2.5 டொக்குக்கு மேல போகப்படாது. கடையில அந்த இலக்கத்தைக் கேளும், தடவிப் பாத்து வாங்க அது பட்டுச் சீலை இல்லை. அரிசி மூட்டையையும் நிலத்தில சாத்தாதையும், அது கிடக்கிற இடத்தில நிலத்துச் சூடு மேல வராது.

நட்டமும் இருக்கு. மழை நாளில சாரத்தையும் பிள்ளையளின்ர பள்ளிக்கூடச் சட்டையையும் காயப்போட றேடியேற்றர் இல்லாத வீட்டில லண்டன் தமிழ்ச் சீவியம் எப்பிடி எண்டு நீர் யோசிக்கேல்லை, மனிசி யோசிச்சிருப்பா. அதுக்கு ஈடா ஒரு லாபம் சொல்லுறன். தோசை மாவுச் சட்டியைப் புதுக் குசினி நிலத்தில ஒரு மூலையில வைச்சுவிடும். மார்கழியிலயும் விடிய முன்னம் பொங்கி வழியும். இவ்வளவு காசும் மாவு புளிக்க வைக்கத்தானோ எண்டு சகலன் கேப்பான், ஓம் எண்டு சொல்லும்.

எனக்கு எந்த அறை எண்டு இன்னும் நீர் சொல்லேல்லை. மேல் மாடிப் பின் அறை எண்டுதான் நினைக்கிறன். அங்க பைப் ஓடக் காசு காணாது எண்டதும் எனக்குத் தெரியும். அங்க கிடக்கிற பழைய றேடியேற்றரைக் கழட்டாமல் விடும், நான் அதில சால்வையும் காயப்போடுவன்.